பைசாவும் புளோரன்ஸும் ஒரே நாளில்: சுற்றுலா நிரல் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் மும்பையிலும் உட்கார்ந்து ஐரோப்பியப் பேருந்துச் சுற்றுலாக்களுக்கு நாள்வாரி நிரல் தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். நானும் என் கணவரும் உங்களில் ஒருவருடைய பேக்கேஜில் ஐரோப்பா போய் வந்தோம். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஊர் திரும்பியதும், வேறு வேறு நிறுவனங்களோடு போய்வந்த உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள் வீடுகளிலிருந்து பழைய நிரல்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டையில் இருக்கும் பெயரும் படமும்தான் மாறுகின்றன. இத்தாலியில் பைசாவும் புளோரன்ஸும் வரும் அந்த ஒரு நாள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஆகவே இது ஒருவர் மேல் எழுதும் புகார் இல்லை. அந்த நாளைப் போடும் கை யாருடையதோ, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

ரோம், வெனிஸ் பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. இந்த ஒரு நாள் போதும். 'நேரம் பத்தாதுங்க, இவ்வளவுதான் காட்ட முடியும்' என்பது உங்களிடமிருந்து வழக்கமாக வரும் பதில். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நேரம் இருந்தது. அதை எதற்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். முதல் நாள் இரவு எங்களை மோன்டெகாட்டினி டெர்மேயில் தங்க வைத்தீர்கள். நல்ல ஏற்பாடு, அதில் குறை இல்லை. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பழைய ஊர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. பைசாவுக்கும் புளோரன்ஸுக்கும் நடுவில், ஏ11 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. இரண்டு பக்கமும் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து பைசா, பைசாவிலிருந்து புளோரன்ஸ், இரவு மறுபடி மோன்டெகாட்டினி என்று சுற்றி வந்தால் எல்லாம் சேர்ந்து 200 கிலோமீட்டரைத் தாண்டாது. ஊருக்குள் நெரிசலையும் சேர்த்தால் நான்கு மணி நேர ஓட்டம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பினோம். பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு மிச்சம்.

அந்த எட்டு மணி நேரத்தில் சாய்ந்த கோபுரம் இருக்கும் புல்வெளியில் நாங்கள் நின்றது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. புளோரன்ஸில் கைடோடு நடந்தது ஒன்றேகால் மணி. எங்கள் இஷ்டத்துக்கு விட்டது அரை மணி. மலைமேல் ஒரு ஃபோட்டோ ஸ்டாப். மீதியெல்லாம் உணவகத்திலும், தோல் கடையிலும், கழிவறை வரிசையிலும், தலை எண்ணுவதிலும், வராதவர்களுக்காக வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதிலும் போயிற்று. உணவகமும் கடையும் மட்டுமே, அங்கே போய்வரும் சுற்றையும் சேர்த்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தின்றுவிட்டன.

டூர் மேனேஜரிடம் கேட்டேன். 'டிரைவர் அவர்ஸ், ஆன்ட்டி' என்றார். பாவம், அந்தப் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கையில் கொடுத்த காகிதத்தை அவர் ஓட்டுகிறார். ஆனால் அந்தப் பதில் சரியில்லை. ஐரோப்பியச் சட்டப்படி ஓர் ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம் வண்டி ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் பொதுவாக 11 மணி நேரம் விட வேண்டும், சில நாட்களில் அதை 9ஆகக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. எல்லாம் வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவியில் பதிவாகிறது, யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. அருமையான சட்டம். நம் ஊர் ஆம்னி பேருந்துகளுக்கும் இப்படி ஒரு கருவி இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் நான்கு மணி நேரமே ஓட வேண்டிய ஒரு நாளில் இந்தச் சட்டம் எங்கே குறுக்கே வருகிறது? நாங்கள் ஊருக்குள் நடக்கும் நேரமெல்லாம் அவருக்கு ஸ்டியரிங்கைத் தொடாத நேரம்தானே. இரவு எட்டுக்கு வண்டியை நிறுத்தினால் மறுநாள் காலை ஏழுக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். கடைக்குப் போன நேரத்தை ஓட்டுநர் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி பைசா. அங்கே சுற்றுலாப் பேருந்துகளைக் கோபுரத்தின் பக்கத்தில் விடுவதில்லை. ஊருக்கு வெளியே பியெத்ராசாந்தினா சாலையில் ஒரு பெரிய நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நிரலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் குழுவில் முழங்கால் வலிக்காரர்கள் பாதிப் பேர், என் கணவர் உட்பட. நடையில் இருபது நிமிடம், வழியில் கைப்பையும் தொப்பியும் விற்கும் கடைகளில் கொஞ்சம், அப்புறம் கோபுரம். போனவுடன் எல்லோரும் கையைத் தூக்கிக் கோபுரத்தைத் தாங்குகிற மாதிரி படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நாங்களும் எடுத்தோம். அது ஒரு குஷி, அதை நான் கேலி செய்யவில்லை. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் புல்வெளியில் கட்டடங்கள் நான்கு. 1064இல் தொடங்கிய கதீட்ரல், அதன் எதிரே வட்டமான ஞானஸ்நான மண்டபம், பின்னால் காம்போசாந்தோ என்னும் இடுகாட்டு மண்டபம், அப்புறம் இந்தக் கோபுரம். கோபுரம் என்பது கதீட்ரலின் மணிக்கூண்டு, தனியாக நிற்பதற்காகக் கட்டியது இல்லை. எங்கள் வண்டியில் பலருக்கு இது தெரியாமலே போயிற்று. கதீட்ரலுக்குள் போகக் கட்டணமே கிடையாது, நேரம் குறித்த ஓர் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். நீங்கள் வாங்கவில்லை. கோபுரத்தைப் பார்த்திருக்கும் கதீட்ரல் வாசலில் ஒரு வெண்கலக் கதவு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொனானோ பிசானோ வார்த்தது, இப்போது அங்கே இருப்பது நகல், மூலம் அருங்காட்சியகத்தில். என் கணவர் நாற்பது வருடம் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பித்தளை, வெண்கலம் என்றால் அவருக்குக் கால் நின்றுவிடும். அந்தக் கதவைத் தூரத்திலிருந்து பார்த்தார். 'குரூப் போட்டோ, குரூப் போட்டோ' என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

கோபுரத்தின் கதையாவது சொல்லியிருக்கலாம். 1173இல் அடித்தளம் போட்டார்கள். மூன்றாவது நிலை வந்தபோதே தென்பக்க மண் அமுங்கத் தொடங்கிவிட்டது, கீழே வெறும் களிமண்ணும் வண்டலும். போர்களால் வேலை நூறு வருடத்துக்கு நெருக்கமாக நின்றுபோயிற்று. அந்த இடைவெளியில் மண் இறுகிக்கொண்டது, விடாமல் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும் என்பது பொறியாளர்கள் கணிப்பு. முடித்தது 14ஆம் நூற்றாண்டில். 1990இல் ஆபத்து என்று மூடினார்கள், 2001 டிசம்பரில்தான் திறந்தார்கள். நடுவில் அவர்கள் செய்தது, சாயாத வடபக்கத்து அடிமண்ணைத் துளைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. கோபுரம் தானாகவே அந்தப் பக்கம் லேசாக உட்கார்ந்தது, உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கியது. இன்றைய சாய்வு 4 பாகை அளவு. முழுவதும் நிமிர்த்திவிட்டால் யார் வருவார்கள்? விழாத அளவுக்கு மட்டும் நிமிர்த்தினார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம் ஆட்கள் எவ்வளவு ரசித்திருப்பார்கள்!

சொல்ல நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பைசாவிலிருந்து புளோரன்ஸ் போகும் ஒன்றரை மணி நேரமும் வண்டித் திரையில் ஓர் இந்திப் படம் ஓடியது. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே பார்த்த படம். இத்தாலியில் நினைவுச் சின்னங்களுக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற கைடுதான் வேண்டும், அவருக்கு மணிக்கணக்கில் கட்டணம், அது புரிகிறது. ஓடும் வண்டிக்குள் ஒலிபெருக்கியில் ஒரு இருபது நிமிடப் பதிவைப் போட அந்தச் செலவு இல்லையே. தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. ஒரு தடவை செய்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டால் கண் தானாகத் தேடும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில் நான் உங்கள் பக்கம் கொஞ்சம் பேச வேண்டும். சைவக்காரர்கள், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள், சர்க்கரைக்காரர்கள் என்று நாற்பத்துச் சொச்சம் பேரைக் கட்டி மேய்ப்பது லேசான காரியம் இல்லை. ராத்திரி சூடான சாதமும் பருப்பும் கிடைத்தபோது நானே உங்களை வாழ்த்தினேன். ஆனால் மதியமும் அதேதான் வேண்டுமா? உணவகம் ஊரின் இன்னொரு மூலையில், அங்கே போய், வரிசையில் நின்று, முந்தின குழு எழுந்திருக்கக் காத்திருந்து, பனீரும் ஜீரா சாதமும் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் புளோரன்ஸின் நல்ல வெளிச்சம் போய்விட்டது. இந்த இரண்டு ஊரும் இருக்கும் டஸ்கனி, சைவக்காரர்களைப் பட்டினி போடும் சீமை இல்லை. பைசாவில் செசினா என்று ஒன்று விற்கிறார்கள், கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, வெட்டி மிளகுத்தூள் தூவிக் கையில் கொடுப்பார்கள். புளோரன்ஸில் தக்காளியும் பழைய ரொட்டியும் போட்டுக் குழையக் காய்ச்சும் பாப்பா அல் போமோதோரோ இருக்கிறது. எச்சரிக்க வேண்டியது ஒன்று உண்டு: பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். சுத்த சைவக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, பீட்சா கொடுத்த இரவு எல்லோரும் தூவிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். இதை ஒரு வரி அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஆளுக்கு இத்தனை யூரோ என்று மதியச் சாப்பாட்டுக்காசைக் கையில் கொடுங்கள். இந்தியச் சாப்பாடுதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள். ஒரு மணி நேரம் சும்மா வந்து சேரும்.

புளோரன்ஸிலும் இதே நடைக் கதை. பழைய நகரத்துக்குள் பேருந்துக்கு இடமில்லை. ஊருக்குள் வண்டியைக் கொண்டுவரவே நகராட்சிக்கு நாள் கட்டணம் கட்ட வேண்டும், அது சின்னத் தொகையும் இல்லை. இறக்கிவிட்ட இடத்தில் வண்டி நிற்கக் கூடாது, சொன்ன நேரத்துக்கு நாங்கள் வராவிட்டால் அவர் இன்னொரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஆகவே நேரம் தவறாதீர்கள் என்று நீங்கள் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. இறங்கிய இடத்திலிருந்து கதீட்ரல் வரை எத்தனை கிலோமீட்டர், தரை கல் பாவியதா, உட்கார எங்கே இடமுண்டு, கழிவறைக்கு எத்தனை சில்லறை வேண்டும் என்பதை முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் என்ன? தண்ணீர்கூட அப்படித்தான். வண்டியில் பாட்டில் ஒரு யூரோ. சிக்னோரியா சதுக்கத்தில் நெப்டியூன் நீரூற்றுக்குப் பக்கத்தில் நகராட்சிக் குழாய் ஒன்று இருக்கிறது, சாதாத் தண்ணீரும் சோடாத் தண்ணீரும் காசில்லாமல் வருகிறது. அதைத் தாண்டித்தான் எங்களை ஓட்டிக்கொண்டு போனீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எங்கள் புளோரன்ஸ் நாள் திங்கட்கிழமை. மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அகாடமியா அருங்காட்சியகமும், உஃபிட்சி ஓவியக் கூடமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். இது ரகசியம் இல்லை, ஆண்டு முழுவதும் அப்படித்தான். உங்களுடைய பயணங்கள் நிலையான கிழமையில் கிளம்புகின்றன. சென்னையில் விமானம் ஏறும் கிழமையை வைத்து, புளோரன்ஸ் எந்தக் கிழமையில் விழும் என்று ஒரு குழந்தை சொல்லிவிடும். அப்படியானால் இந்தப் பேக்கேஜில் போகிற ஒவ்வொரு குழுவும் மூடிய கதவுக்குத்தான் போகிறது. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி உள்ளே போகத் தயாராக இருந்தவர்களுக்கும் வழி இல்லை. சிக்னோரியா சதுக்கத்தில் நிற்கும் டேவிட்டைக் காட்டினார்கள், அது 1910இல் வைத்த நகல். மூலச் சிலையை வெயில் மழையிலிருந்து காப்பாற்ற 1873இலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மலைமேல் மைக்கலாஞ்சலோ சதுக்கத்தில் இன்னொரு நகல், வெண்கலத்தில். ஆக ஒரே நாளில் இரண்டு நகல் பார்த்துவிட்டு வந்தோம். (மலைமேல் நின்றது மட்டும் நன்றாக இருந்தது. ஆறும் பாலங்களும் குவிமாடமும் ஒரே பார்வையில். அந்த இருபது நிமிடத்தைக் குறைத்துவிடாதீர்கள்.)

கதீட்ரல் வாசலில் கைடு அம்மாள் நன்றாகவே சொன்னார். தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமல், புரூனெல்லெஸ்கி 1420இலிருந்து 1436க்குள் அந்தக் குவிமாடத்தைச் செங்கல்லால் எழுப்பிய விதத்தைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். எதிரே ஞானஸ்நான மண்டபத்தின் பொன்முலாம் பூசிய கதவுகள். கிபெர்ட்டி 1425இல் தொடங்கி 1452இல் முடித்தார். ஒரு ஜோடிக் கதவுக்கு ஏறக்குறைய இருபத்தேழு வருடம்! 1966 நவம்பர் வெள்ளத்தில் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்து அதன் பலகைகள் சிலவற்றைப் பெயர்த்துப் போட்டது. இப்போது வாசலில் இருப்பது நகல், மூலக் கதவு கதீட்ரலுக்குப் பின்னால் இரண்டு எட்டில் உள்ள அருங்காட்சியகத்தில். 'அங்கே போகிறோமா?' என்று என் கணவர் கேட்டார். 'உங்கள் நிரலில் இல்லை' என்றார் அந்த அம்மாள், கொஞ்சம் வருத்தமாகவே.

நிரலில் இருந்தது தோல் கடை. சாந்தா குரோச்சே ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. பை எப்படித் தைக்கிறோம் என்று பத்து நிமிடம் செய்து காட்டி, அப்புறம் கதவைச் சாத்தாத குறையாக விற்பனை. வாங்கினால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, வியாபாரம் வியாபாரம்தான், நாங்களும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். ஆனால் இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆலயத்துக்குள்தான் மைக்கலாஞ்சலோவின் கல்லறை, மாக்கியவெல்லியின் கல்லறை, கலிலியோவின் கல்லறை. வெளியே நின்று நாங்கள் பெல்ட் விலை கேட்டுக்கொண்டிருந்தோம்.

கலிலியோ பிறந்த ஊர் பைசா, 1564இல். காலையில் அவர் பிறந்த ஊரில் இருந்தோம், மாலையில் அவரைப் புதைத்த இடத்தின் வாசலில் இருந்தோம். நடுவில் ஒன்றரை மணி நேரம் வண்டியில் இருந்தோம். இதைவிட நன்றாக ஒரு நாளை யார் கோத்துக் கொடுப்பார்கள்? நீங்கள் ஒன்றும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், வழியிலேயே கிடக்கிறது. அந்த நாள் முழுவதும் எங்கள் வண்டியில் கலிலியோ பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

தோல் கடை வாசலில் நான் பையனிடம் சொன்னேன், 'தம்பி, நாங்க வாங்கப் போறதில்லை, அந்தச் சதுக்கத்துக்குப் போய்ட்டு வந்துடறோம்.' 'குரூப்பை விட்டுப் போகக் கூடாது ஆன்ட்டி' என்றார். கெஞ்சி, கைபேசி எண்ணைக் கொடுத்து, வண்டி வரும் இடத்தை வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஏழெட்டு நிமிட நடை. சிக்னோரியா சதுக்கத்தின் ஓரத்தில் லோஜா தெய் லான்சி என்ற வளைவு மண்டபம், திறந்த மண்டபம், டிக்கெட் கிடையாது, விடுமுறை கிடையாது. கைடோடு வந்தபோது 'இடது பக்கம் பெர்சியஸ்' என்று சொல்லிக் கடந்துவிட்ட இடம். இப்போது போய் நின்றோம்.

16ஆம் நூற்றாண்டுச் சிற்பி செல்லினி வார்த்த கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் வெண்கலச் சிலை, 1554இல் இதே மண்டபத்தில் திறந்து வைத்தது. நகல் இல்லை, மூலம். ஒரு கையில் வாள், ஒரு கையில் அவன் வெட்டிய அரக்கி மெடூசாவின் தலை. அறுந்த கழுத்திலிருந்து ரத்தம் கொத்துக் கொத்தாக வெண்கலத்தில் தொங்குகிறது. மெழுகில் உருச் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் அதே முறை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் இன்றும் காவிரி வண்டலைப் பூசி அப்படித்தான் வார்க்கிறார்கள். என் கணவர் அந்தப் பட்டறைகளில் பாதி நாள் உட்கார்ந்திருந்தவர். வார்த்த அன்று நடந்ததைச் செல்லினியே எழுதி வைத்திருக்கிறார்: பட்டறைக் கூரையில் தீப்பிடித்தது, அவருக்குக் காய்ச்சல், உலையில் உலோகம் உறைய ஆரம்பித்தது. வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டுகள், கிண்ணங்கள் சுமார் இருநூறையும் கொண்டுவந்து உலையில் போட்டார், உலோகம் இளகி ஓடியது. வலது காலின் விரல்கள் மட்டும் சரியாக விழவில்லை, பிறகு சரிசெய்துகொண்டார். இதைப் படித்துவிட்டு வந்திருந்த என் கணவர் அண்ணாந்து அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வெள்ளீயம் குறைஞ்சா வெண்கலம் ஓடாது. அந்த நேரத்துல அது தோணுச்சு பார், அதுதான் தொழில்' என்றார். அப்புறம் பின்பக்கம் போய், தலைக்கவசத்தின் பின்னால் ஒரு தாடிக்கார முகம் தெரிவதைக் காட்டினார். அது செல்லினியின் முகம் என்று சொல்கிறார்கள். மார்பில் குறுக்கே போகும் பட்டையில் அவர் பெயரும் வெட்டியிருக்கிறது.

இதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. செலவு பூஜ்யம். திரும்பும் வழியில் ஒரு கடையில் நின்றபடி காபி குடித்தோம் (உட்கார்ந்தால் விலை ஏறிவிடும், இதையும் உங்கள் காகிதத்தில் எழுதலாம்), வண்டிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றோம்.

எங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் பேருந்து இருக்கிறது. ஒவ்வொரு சந்நிதியிலும் சில நிமிடம்தான். யாரும் குறை சொல்வதில்லை, நானும் போயிருக்கிறேன். தரிசனம் என்பது அவ்வளவில் முடிகிற காரியம், சுவாமி நம்மைப் பார்த்தால் போதும். பெர்சியஸும் டேவிட்டும் நம்மைப் பார்க்கப் போவதில்லை, நாம்தான் அவர்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் கோயில் யாத்திரை அச்சில் புளோரன்ஸை வார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை இடம் என்பதுதான் அட்டையில் பெரிதாகத் தெரிகிறது, ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் என்று எங்குமே இல்லை.

'ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள்' என்பீர்கள். ஓரளவு உண்மை. எங்கள் வண்டியிலேயே கோபுரத்தோடு ஒரு படம் எடுத்ததில் முழுத் திருப்தி அடைந்தவர்கள் இருந்தார்கள், தோல் கடையில் மனசாரப் பை வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குரியதை நான் பிடுங்கச் சொல்லவில்லை. கடை போகிறவர்கள் போகட்டும். கடைக்கென்று போகும் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் உங்கள் அரை மணி ஃப்ரீ டைமையும் ஒன்றாகக் கட்டி, மதியச் சாப்பாட்டு அலைச்சலில் மிஞ்சும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. அதை எங்கள் கையில் கொடுங்கள். துண்டு துண்டான அரை மணிகளை வைத்துக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழையக்கூட முடியாது, வரிசைக்கே சரியாகிவிடும். மூன்று மணி நேரம் இருந்தால் ஒருவர் அகாடமியா போவார், ஒருவர் சாந்தா குரோச்சே போவார், ஒருவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார். என் கணவர் அந்தக் கதவைப் போய்ப் பார்ப்பார்.

வயதானவர்களைத் தனியே விட்டால் தொலைந்து போவார்கள் என்ற பயம் உங்களுக்கு. எல்லோரிடமும் கைபேசியும் வரைபடமும் இருக்கின்றன. எங்கள் குழுவில் இருந்தவர்கள் பள்ளி நடத்தியவர்கள், வங்கி நடத்தியவர்கள், மூன்று மாவட்டங்களில் லாரி ஓட விட்டவர்கள். ஒரு கொடியின் பின்னால் வரிசையில் போவதற்கு அவர்களைப் பழக்குவதைவிட, ஒரு பாலத்தின் பெயரைச் சொல்லி அங்கே வரச் சொல்வது சுலபம்.

நீங்கள் நினைத்தால் இதெல்லாம் அடுத்த அச்சிலேயே மாறும். புளோரன்ஸ் நாளைத் திங்களிலிருந்து நகர்த்துவதற்கு ஊர்களின் வரிசையில் ஒன்றை முன்பின் மாற்றினால் போதும். பைசா கதீட்ரலின் இலவசச் சீட்டுக்கு ஒருவரை முன்னால் அனுப்பினால் போதும். வண்டியில் படத்துக்குப் பதில் இருபது நிமிடப் பேச்சு. நடக்கும் தூரம் நிரலிலேயே, கிலோமீட்டரில். 'வெளியிலிருந்து பார்க்கிறோம்' என்றால் அதையும் அப்படியே அச்சடியுங்கள், பணம் கட்டுகிறவர்கள் தெரிந்து கட்டட்டும்.

இவற்றில் எதையும் செய்ய மனமில்லையென்றால், ஒன்றாவது செய்யுங்கள். கடைக்கு வராதவர்கள் கெஞ்சாமல் போய்வர ஒரு வழி வையுங்கள். வண்டி எந்தப் பாலத்தடியில், எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் நேரத்துக்கு வந்து நிற்போம்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்தில் வந்த ஒரு பயணி,
கும்பகோணம்